பென்சில் சிப்பாய்க்கு எது வலது கை?

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துப் (1861–65) பென்சில் சித்திரத்தில் ஒரு சிப்பாய் நின்றால், அவர் யார், படம் அசலா என்று அறியப் பெரும்பாலோர் முதலில் முகத்தைப் பார்க்கிறார்கள். அடுத்து ஓரத்தில் எழுதிய பெயரை. இரண்டையும் கடைசிக்கு ஒதுக்குங்கள். படம் இடம்வலம் மாறியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

வட அணிக் (யூனியன் அரசுப் படை) காலாட்படைக்காரரின் தோட்டாப் பெட்டி வலது இடுப்பில் இருக்கும். அதன் வார் இடது தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே இறங்கும். உணவுப்பை, தண்ணீர்க் குடுவை, துப்பாக்கிமுனைக் கத்தியின் உறை மூன்றும் இடப்பக்கம். படத்தில் எல்லாமே மாறிக் கிடந்தால், பெரும்பாலும் அது டின்டைப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது. 1856இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அந்த இரும்புத் தகட்டுப் படம் கண்ணாடிபோல் இடம்வலம் மாற்றியே காட்டும். பெல்ட்டுக் கொக்கியின் எழுத்தை மட்டும் நம்பி முடிவுகட்டாதீர்கள். எழுத்தைத் திருத்தி வரைந்தவர் வாரை அப்படியே விட்டிருக்கலாம்.

அடுத்து நிழல் கோடுகள். வலக்கைக்காரர் இழுக்கும் சாய்கோடு பெரும்பாலும் இடக்கீழிலிருந்து வலமேலே ஏறும். உடைமைகள் மாறியும் நிழல் கோடு இயல்பாகவும் இருந்தால், புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது என்ற எண்ணம் வலுக்கிறது. இரண்டும் சேர்ந்து மாறியிருந்தால், மூலத்தின்மேல் ஈரத்தாளை அழுத்தி எடுத்த படியா என்று பாருங்கள். விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் தெரியும்: நேரடியாக வரைந்ததில் பென்சில் அழுந்திய பள்ளமும் கிராஃபைட்டின் மினுக்கமும் இருக்கும், படியில் கோடு வெளிறி, பள்ளமின்றிக் கிடக்கும்.

இதற்குப் பிறகே வட அணிச் சீருடை. நீள மேலங்கியில் ஒரே வரிசையில் 9 பொத்தான் என்றால் சிப்பாயாகவும் இருக்கலாம், கேப்டன், லெப்டினன்ட்டாகவும் இருக்கலாம்; தோளில் தைத்த பதவிப் பட்டையைப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். மேஜர் முதல் கர்னல் வரை இரண்டு வரிசை, வரிசைக்கு 7. பிரிகேடியர் ஜெனரலுக்கு வரிசைக்கு 8, இரண்டிரண்டாக. மேஜர் ஜெனரலுக்கு 9, மும்மூன்றாக. களத்தில் அவசரமாக வரைந்த படத்தில் எண்ணிக்கை ஏமாற்றும். பொத்தான்கள் கூட்டுக்கூட்டாக நிற்கின்றனவா என்பதே நம்பத்தக்க அடையாளம்.

தொப்பி உச்சியில் மூவிலை, பிறை, நட்சத்திரம் போன்ற கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும் படைப்பிரிவு) சின்னம் இருந்தால், வட அணியின் கிழக்குக் களத்து முதன்மைப் படையான பொடோமாக் படையில் அது ஜெனரல் ஹூக்கரின் 1863 மார்ச் உத்தரவால் பரவியது. அந்தப் படையைச் சேர்ந்தவர் என்றால், அநேகமாக படம் அதற்குப் பிந்தையது. எவ்வளவு பிந்தையது என்பதைச் சின்னம் சொல்லாது. சின்னத்தின் நிறம் கோருக்குள் எந்த டிவிஷன் என்று காட்டும்: முதல் டிவிஷனுக்குச் சிவப்பு, இரண்டாவதற்கு வெள்ளை, மூன்றாவதற்கு நீலம். பென்சிலின் அடர்த்தியை வைத்து இந்த நிறத்தை ஊகிப்பது வீண். ஓரக் குறிப்புகளைப் படியுங்கள்: அமெரிக்க வார இதழான 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'க்குக் களத்திலிருந்து வரைந்த ஆல்ஃபிரட் வாட் போன்றவர்கள், அச்சுக்காகப் படத்தை மரக்கட்டையில் செதுக்குபவருக்காகச் சித்திரத்திலேயே குறிப்பு எழுதினார்கள். கறை என்று நினைத்து அதை ரப்பரால் தொட்டுவிடாதீர்கள். போனால் போனதுதான்.

தாளை இருட்டில் புறஊதா விளக்கின் கீழ் வையுங்கள். தாள் முழுக்கப் பளீரென நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் ஒளிர்வுச் சாயம் கலந்திருக்கிறது. அது இருபதாம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ வந்த சரக்கு. பழைய தாள் மங்கலாகவே இருக்கும். ஆனால் பழைய நோட்டிலிருந்து கிழித்த வெற்றுத் தாளில் புதிதாக வரைந்தாலும் இதே விடைதான் வரும்.

ஓரத்துப் பெயரை இப்போது எடுக்கலாம். சித்திரக் கோட்டின் மினுக்கமும் பெயரெழுத்தின் மினுக்கமும் ஒன்றா? தாளின் மடிப்பு உடைந்த இடத்தில் எழுத்தும் சேர்ந்து உடைந்திருக்கிறதா, அல்லது பென்சில் உடைப்புக்குள் இறங்கி ஓடுகிறதா? இறங்கி ஓடினால், தாள் மடிந்து நைந்த பிறகு எழுதிய பெயர் அது.