ஆந்தைப் பெட்டியும் சாவுக் கணக்கும்

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி நிற்கும். எலி பிடிக்கும் கூகை என்ற ஆந்தைக்கு வீடு அது. 5 முதல் 10 ஹெக்டருக்கு ஒன்று, உயரம் நாலைந்து மீட்டர். ஒரு ஜோடியும் குஞ்சுகளுமாக வருடத்தில் ஆயிரம் எலிக்கு மேல் தின்று தீர்க்கும். நிர்வாகத்துக்கு லாபம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மட்டும் அது இன்னும் சாவுக்குருவிதான்; அலறினால் சாவு விழும் என்ற பயம்.

இதைப் படிப்பறிவில்லாத பயம் என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். படித்தவர் மனமும் இப்படித்தான் கணக்கு வைக்கிறது. 1967-இல் உளவியலாளர் லோரன் சாப்மன் இதற்குப் பொய்த்தொடர்பு என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். ஆந்தை அலறிச் சாவு விழுந்த இரவு நினைவில் நிற்கும். அலறியும் ஒன்றும் நடக்காத இரவு, அலறாமலே சாவு வந்த இரவு, இரண்டும் இல்லாத இரவு ஆகிய மூன்றையும் யாரும் எண்ணுவதில்லை. இன்னொன்று: வீட்டில் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தால் எல்லாரும் விழித்திருப்பார்கள். தினமும் கத்துகிற பறவை அன்றைக்குத்தான் காதில் விழும். தட்டையான வெள்ளை முகம், நேரே பார்க்கும் கண், வீறிடும் குரல் என மீதிப் பயத்துக்கும் குறைவில்லை. பெட்டிக்குள் குஞ்சுகள் பாம்பு மாதிரி சீறும்; ராத்திரியில் கேட்டால் யாருக்குத்தான் குலை நடுங்காது?

இதைச் சொல்லி வாதாடிப் பயனில்லை. கூகை செரிக்காத முடியையும் எலும்பையும் உருட்டிக் கக்கும் கக்கல் உருண்டையைக் காட்டுங்கள். பெட்டிக்கு அடியில் கட்டைவிரல் பருமனில் கருப்பாகக் கிடக்கும். கையுறை போட்டு எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் மின்னடுப்பில் (oven) 40 நிமிடம் வைத்தால் கிருமி சாகும். (சமையல் அடுப்பைக் கேட்டால் பாட்டி விரட்டுவார், பழையது ஒன்று தேடுங்கள்.) பிறகு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பல்குத்தும் குச்சியால் முடியைப் பிரியுங்கள். மஞ்சள் முன்பல்லோடு எலி மண்டையோடுகள் வரும். வெள்ளைத் தாளில் வரிசையாக அடுக்கச் சொல்லிப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்குப் பயப்படாத வீடு எது? பேச்சு தானாக எலிப் பக்கம் திரும்பும்.

கெடுவது இரண்டு இடத்தில். பெட்டியை லயத்தை ஒட்டி வைத்தால் அலறல் படுக்கை வரைக்கும் வரும். பிறகு எந்த மண்டையோடும் உதவாது. அடுத்தது விஷம். புரோடிபாக்கூம் என்ற எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, பல நாள் தள்ளாடும். அதைத் தின்னும் கூகை உள்ளுக்குள் ரத்தம் கசிந்து விழும். விழுந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் அதையும் கெட்ட சகுனக் கணக்கில் எழுதிவிடுவார்கள். ஆகவே பெட்டி வைத்த பகுதியில் அந்த மருந்தை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.