முகூர்த்த நாளும் செமஸ்டர் தேதியும்: வேலை பார்த்துக்கொண்டே முதல் வருடம் படிக்கிறவர்களுக்கு

இந்த வருடம் கலைக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறவர்களில், வீட்டில் காசு கேட்க மனசில்லாமல், இல்லை கேட்டாலும் கிடைக்காது என்று தெரிந்து, பார்ட் டைமாக ஏதாவது வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சென்னையில் பி.காம் மூன்றாம் வருடம் படிக்கிறேன், காலை ஷிப்ட். முதல் வருடத்திலிருந்தே கல்யாண கேட்டரிங்கில் பந்தி பரிமாறப் போகிறேன். அரியர் இல்லை, ஃபீஸுக்கு வீட்டில் கை நீட்டுவதில்லை, உயிருக்குயிரான நண்பர்களும் இருக்கிறார்கள். மூன்றும் சேர்ந்து நடக்கும். ஆனால் சுவரில் ஒட்டி வைக்கிற தினசரி டைம்டேபிளால் நடக்காது.

ஏன் நடக்காது என்றால் செமஸ்டர் ஒரே சீராகப் போவதில்லை. ஜூலையில் பாதி வகுப்பு அறிமுகத்திலேயே போய்விடும், செப்டம்பர் வந்தால் ஒரே வாரத்தில் கல்லூரியே வைக்கிற இன்டர்னல் தேர்வு, அசைன்மென்ட், செமினார் எல்லாம் மொத்தமாக வந்து விழும். வேலையும் அப்படித்தான். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி பிறந்தால் போன் ஓயாது. புரட்டாசியில் குறைந்துவிடும், ஐப்பசி கார்த்திகையில் திரும்பச் சூடுபிடிக்கும், மார்கழியில் சுத்தமாக நின்றுவிடும். இதை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தரமாட்டார்கள். கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே முகூர்த்த நாள் போட்ட ஒரு காலண்டரை எடுத்து, கல்லூரி கையேட்டில் இருக்கும் இன்டர்னல் தேதிகளையும் செமஸ்டர் தேர்வு உத்தேசமாக எப்போது என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எந்த வாரம் இரண்டும் மோதப்போகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். எந்த வாரம் படிப்புக்கு, எந்த வாரம் வேலைக்கு என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிடுங்கள், போன் வரும்போது முடிவு பண்ணக்கூடாது. போன் வரும் நேரத்தில் கையில் காசு இருக்காது, சரி என்றுதான் வாய் சொல்லும்.

கேட்டரிங் இல்லாமல் வேறு வேலை என்றாலும் அதற்கென்று ஒரு சீசன் இருக்கும். தி.நகர் ஜவுளிக்கடைகளில் தீபாவளிக்கு முந்தின வாரங்களில் ஆள் எடுப்பார்கள், சம்பளமும் பரவாயில்லாமல் இருக்கும், ஆனால் அது நவம்பர் செமஸ்டருக்குப் படிக்க வேண்டிய அதே வாரங்கள். முதல் வருடத்தில் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். என் வகுப்பில் ஒரு தோழி வீட்டிலேயே ஐந்தாவது முதல் எட்டாவது வரை பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். இரவு வெளியே தங்க முடியாத பெண்களுக்கு அது நல்ல வழி. அவளுக்கு நெருக்கடி வருவது பள்ளிக்கூடக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வு நேரத்தில். அதனால் தன் இன்டர்னல் வாரத்தில் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை மட்டும் கொடுத்துவிட்டு, அவர்களோடு சேர்ந்து தானும் உட்கார்ந்து படித்துவிடுவாள்.

ஒரு கல்யாணம் உங்களிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்துகொண்டு போங்கள். சென்னையில் பெரும்பாலும் முந்தின நாள் மாலையே ரிசப்ஷன். நாலரைக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். டேபிளில் பேப்பர் ரோல் விரித்து, இலை போட்டு, தண்ணீர் பாட்டில் வைத்து, உப்பு, ஊறுகாய், ஸ்வீட் என்று வரிசையாக வைத்து முடிப்பதற்குள் முதல் பந்திக்கு ஆட்கள் நாற்காலி பிடித்திருப்பார்கள். சாம்பார் வாளியோடு ஒரு வரிசை முழுக்கக் குனிந்து குனிந்து ஊற்றி நிமிரும்போது முதல் இலையில் இருப்பவர் ரசத்துக்குக் காத்திருப்பார். கடைசிப் பந்தி எழுந்து டேபிளைத் துடைக்கும்போது பதினொன்று தாண்டியிருக்கும். அங்கேயே எங்காவது ஓர் ஓரத்தில் படுத்து எழுந்து, ஆறு மணிக்கு டிபனுக்கு நிற்க வேண்டும், முகூர்த்தச் சாப்பாடு முடிய மதியம் இரண்டாகும். கையில் ஐந்நூறு, அறுநூறு வரும். அதற்குப் பதிலாக ஒரு ராத்திரித் தூக்கம், ஒரு நாள் கல்லூரி, மறுநாள் வகுப்பில் பாதிக் கவனம் போகும்.

செவ்வாய், சனியில் முகூர்த்தம் வைப்பது குறைவு. ஞாயிறு, திங்கள், புதன், வியாழன், வெள்ளி என்றுதான் வரும். இதில் ஞாயிறு முகூர்த்தத்தைத் தேடிப் பிடியுங்கள்: சனி மாலை ரிசப்ஷன், ஞாயிறு மதியம் வீடு, வகுப்பு எதுவும் போகாது. வாரநாளில் வந்தால் 'ரிசப்ஷன் மட்டும் வர்றேன்ணே' என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு வேளையும் நிற்கிற ஆளைத்தான் கேட்டரிங்காரர்களுக்குப் பிடிக்கும், ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறவன் என்று பெயர் எடுத்துவிட்டால் ஒத்துக்கொள்வார்கள்.

அட்டெண்டன்ஸ் கணக்கையும் ஒரு முறை பேப்பரில் போட்டுவிடுங்கள். செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்று வைத்தால், தேர்வு எழுதத் தேவையான 75 சதவீதத்துக்கு 68 நாள் வர வேண்டும், அதாவது 22 நாள் மிச்சம். அதை முழுக்க வேலைக்குக் கொடுக்கக்கூடாது. காய்ச்சல் வரும், ஊரில் ஒரு துக்கம் வரும், மழை வரும். பாதியை அதற்கென்று ஒதுக்கிவிட்டு மீதியில்தான் வாரநாள் முகூர்த்தம். 65-க்கும் 75-க்கும் நடுவில் நின்றால், குறைந்த அட்டெண்டன்ஸை மன்னிக்கக் கட்டுகிற காண்டனேஷன் ஃபீஸ் கட்டித் தேர்வு எழுதலாம், ஆனால் நீங்கள் சம்பாதித்த காசு அதற்கே போகும்.

அடுத்து மார்க். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் படிக்கிற எங்களுக்கு இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75. எழுத்துத் தேர்வில் 30, மொத்தத்தில் 40 எடுத்தால் பாஸ். தானே தேர்வு நடத்திக்கொள்கிற தன்னாட்சிக் கல்லூரி என்றால் இது மாறும், உங்கள் கையேட்டைப் பாருங்கள். எங்கள் வினாத்தாளில் 2 மார்க் பத்து, 5 மார்க் ஐந்து, 10 மார்க் மூன்று எழுத வேண்டும். கூட்டிப் பார்த்தால் 75-ல் 45 மார்க் சின்னக் கேள்விகளில்தான் இருக்கிறது. நேரம் துண்டு துண்டாகக் கிடைக்கிறவர்களுக்கு இது பெரிய வரம். 2 மார்க் கேள்விகளைப் பஸ்ஸில் படிக்கலாம், மண்டபத்தில் பந்திக்கும் பந்திக்கும் நடுவில் படிக்கலாம். 10 மார்க்குக்கு மட்டும் உட்கார்ந்து எழுதிப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள்.

அக்கவுண்ட்ஸ் மட்டும் தனி. 'நோட்ஸ் போட்டோ அனுப்புடா' என்பது மேனேஜ்மென்ட் பாடத்துக்குப் போதும், கணக்குக்குப் போதாது. நீங்கள் வராத ஒரு நாளில் தேய்மானத்தில் நேர்க்கோட்டு முறையை முடித்து குறைந்துசெல் மதிப்பு முறைக்குப் போயிருப்பார்கள், அந்த ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த கணக்கு எதுவும் பிடிபடாது. மறுநாளே கேன்டீனில் ஒரு நண்பனைப் பிடித்து, அவனை ஒரு கணக்கு போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அடுத்ததை நீங்கள் போடுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும், ஒரு வாரம் தள்ளிப்போட்டால் மூன்று மணி நேரம் ஆகும்.

நண்பர்களுக்கு நேரம் எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு நட்பு பெரும்பாலும் இப்படிக் கேன்டீனிலும் பஸ் ஸ்டாப்பிலும்தான் வளர்கிறது, அது ஒன்றும் குறைவான நட்பு கிடையாது. ஆடி மாதம் வேலை இருக்காது என்று சொன்னேன் அல்லவா, முதல் வருடப் பிள்ளைகளுக்கு அதுதான் எல்லாரோடும் பழகுகிற நேரம். அந்த மாதம் எங்கே கூப்பிட்டாலும் போங்கள். அப்புறம், வேலைக்குப் போவதை வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் டிரீட்டுக்கு வராதவன், ஒட்டாதவன் என்று நினைத்துக்கொள்வார்கள். சொன்னால் அவர்களே அசைன்மென்ட் தேதியை ஞாபகப்படுத்துவார்கள். நாட்டு நலப்பணித் திட்டமான என்.எஸ்.எஸ்-ஸில் சேருங்கள். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஒரு ஏழு நாள் முகாம், அதற்கு கிரெடிட்டும் உண்டு. வேறு டிபார்ட்மென்ட் ஆட்கள் பழக்கமாவது அங்கேதான்.

வேலை தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால், பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். புதுமைப்பெண் 2022 செப்டம்பரிலும், தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கினார்கள். கல்லூரி ஆபீஸில் கேட்டால் வழி சொல்வார்கள், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். ஆயிரம் ரூபாய் என்பது கிட்டத்தட்ட இரண்டு கல்யாணத்துக் கூலி. அந்த இரண்டு ராத்திரியும் தூங்கலாம்.

தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே கேட்டரிங் அண்ணனுக்குப் போன் போட்டு, 'அண்ணே, செம் வருது, முடிஞ்சதும் நானே கூப்பிடுறேன்' என்று சொல்லிவிடுங்கள். கூப்பிட்ட பிறகு மறுப்பதைவிட முன்கூட்டிச் சொல்வதை அவர்கள் மதிப்பார்கள், வேறு ஆள் பார்க்க அவர்களுக்கும் நேரம் வேண்டும். கேட்டரிங் வாட்ஸ்அப் குரூப்பை மியூட் செய்துவிடுங்கள். தையில் கல்யாணம் திரும்பத் தொடங்கும்போது இரண்டாவது செமஸ்டர் ஆரம்பநிலையில்தான் இருக்கும், அப்போது எடுக்கலாம். ஏப்ரல் தேர்வு முடிந்ததும் மே மாதம் லீவு, வைகாசி முகூர்த்தமும் சேர்ந்து வரும். அட்டெண்டன்ஸ் பயமே இல்லாமல் இரண்டு வேளையும் நின்று சம்பாதிக்கக்கூடிய நேரம் அதுதான், இரண்டாம் வருட ஃபீஸை அப்போதே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.