ஓட்டெண்ணெய் தாங்கிப் பிடித்த தார்

அம்மா கருங்கல் பக்கம் ஓர் அண்டி ஆபீசில் 22 வருடமாக அண்டி உடைக்கிறார். முந்திரித் தொழிற்சாலைக்குக் குமரி மாவட்டத்தில் அண்டி ஆபீஸ் என்றுதான் பேச்சு. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள், அப்படியும் அம்மாவின் விரல்நுனிகள் கறுத்தே இருக்கும். எம்.எஸ்சி. வேதியியல் புராஜெக்டுக்கு நான் எடுத்தது அந்த எண்ணெயைத்தான்: கச்சா எண்ணெய் குழாயை அடைக்காமல் அது தடுக்குமா என்று பார்க்க.

“அதை எதுக்கு மக்களே தொடுகே, கை வெந்து போவும்” என்றார் அம்மா.

கனமான கச்சா எண்ணெயில் அஸ்ஃபால்டீன் என்ற கறுப்புப் பொருள் நுண்துகள்களாக மிதக்கிறது. கூடவே இருக்கும் பிசின்கள் துகள்களைச் சூழ்ந்து, ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் காக்கின்றன. அழுத்தம் குறைந்தாலோ லேசான எண்ணெய் கலந்தாலோ அந்தக் காவல் குலைந்து, துகள்கள் திரண்டு குழாயை அடைக்கும். அளவு மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. வெனிசுவேலாவின் போஸ்கான் எண்ணெயில் ஏறக்குறைய 17 சதவீதம் அஸ்ஃபால்டீன், பெரிய தொல்லை இல்லை. அல்ஜீரியாவின் ஹாஸி மெஸ்ஸாவுத் எண்ணெயில் 1 சதவீதம்கூடக் கிடையாது, ஆனால் அங்கே கிணறுகள் அடைத்துக்கொண்டன. ரப்பர் வெட்டும் வீட்டுக்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: அமோனியா ஊற்றினால் பால் உறையாமல் நிற்கும், ஆசிட் ஊற்றினால் திரண்டுவிடும்.

முந்திரி ஓட்டெண்ணெயைச் சூடாக்கினால் கார்டனால் கிடைக்கும். அதன் மூலக்கூறின் தலை பீனால் என்ற வளையம், வால் 15 கார்பன் நீளம். தலை அஸ்ஃபால்டீனைப் பிடித்துக்கொள்ள, வால் எண்ணெய்க்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். பிரேசில் ஆய்வாளர்கள் 1999இலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள்.

கச்சா எண்ணெய் சாம்பிளுக்கு இரண்டு மாதம் அலைந்தும் கிடைக்கவில்லை. கடைசியில் ரோடு போடும் தாரை வாங்கினேன். அதிலும் அஸ்ஃபால்டீன் தாராளமாக உண்டு. அதை டொலுவீன் என்ற கரைப்பானில் கரைத்து, அஸ்ஃபால்டீனைப் படியவைக்கும் ஹெப்டேனைப் பாதிக்குப் பாதி ஊற்றி, ஓட்டெண்ணெய் சேர்த்து வைத்தேன். மறுநாள் ஒரு டியூபிலும் படிவு இல்லை. துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். கைடு மேடம் கேட்டது ஒரே கேள்வி: “மருந்து போடாத டியூப் எங்கே?” அதையும் வைத்துப் பார்த்தால், அதிலும் படியவில்லை! அவ்வளவு டொலுவீன் இருந்தால் எந்த மருந்தும் இல்லாமலே அஸ்ஃபால்டீன் கரைந்துதான் நிற்கும். மூன்று வாரம் போனது போனதுதான்.

அப்புறம் அளவை மாற்றினேன். 1 கிராம் தாருக்கு 10 மில்லி டொலுவீன், அந்தக் கரைசலில் 0.1 மில்லி மட்டும் 10 மில்லி ஹெப்டேனில். இந்த முறை மருந்து போட்ட டியூபில்தான் படிவு அதிகம். அது தாரே இல்லை, எண்ணெயோடு வந்த ஓட்டுத் தூள். மில்லில் ஆட்டின எண்ணெயை அப்படியே ஊற்றியது என் தப்பு. துணியில் வடிகட்டி, 140 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கார்பன் டை ஆக்சைடு நுரைத்துப் பொங்கி அடங்கும்வரை காத்திருந்து, பிறகு வடிதாளில் இன்னொரு தடவை வடித்தேன்.

அதன் பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. வெறும் டியூபில் அரை மணி நேரத்தில் காப்பித்தூள் மாதிரி கறுப்புத் துணுக்குகள் இறங்கத் தொடங்கின. காலையில் மேலே வெளுத்த கட்டன்சாயா நிறம், அடியில் கறுப்புப் படலம். பத்து லட்சத்துக்கு 50 பங்கு ஓட்டெண்ணெய் போட்டதும் அதே கதிதான். 1 சதவீதம் போட்ட டியூப் மட்டும் விடிந்த பிறகும் அடிமுதல் மேல்வரை ஒரே கறுப்பாக நின்றது. அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது கண் கலங்கிவிட்டது. ஒப்பிடுவதற்காக, சோப்பு செய்கிறவர்கள் வாங்கும் ஆசிட் ஸ்லரியையும் போட்டுப் பார்த்தேன். அது இன்னும் குறைந்த அளவிலேயே தாங்கிப் பிடித்தது. அதையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு டியூபையும் போனில் படம் எடுத்து அம்மாவிடம் காட்டினேன். “அங்க ஒட்டவிடாம தடுக்குது, எங்க கையில மட்டும் ஏன் இப்பிடிப் பிடிக்குது?” என்று கேட்டார். அதே வால்தான் தோலின் கொழுப்புக்குள்ளும் இறங்குகிறது, அதனால்தான் கழுவினாலும் போவதில்லை என்று சொன்னேன். லேபில் நான் போடுகிற நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் போட்டார். உறைக்குள் விரல் ஓடுவதில்லையாம், கூலி கிலோ கணக்கில்.