பதினோரு முகம், ஒரு தலைகூட இல்லை

பழைய ஹாலிவுட் திகில் படப் பூதங்களின் லேட்டெக்ஸ் (ரப்பர்) முகமூடிகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் உறைத்தது: கையில் பதினோரு முகம் இருக்கிறது, மாட்டி வைக்க ஒரு தலைகூட இல்லை. அலமாரியில் இத்தனை நாளும் பழைய தாளைக் கசக்கி அடைத்து வைத்திருந்தேன். நான் மட்டும் பார்க்க அது போதும்.

முதலில் விக் மாட்டும் தெர்மாக்கோல் தலைகளை எடுத்தேன். முகமூடி மனிதத் தலைக்கு மேல் மாட்டுவதற்காகப் பெரிதாக வார்க்கப்பட்டது. அந்தத் தலையோ சிறுசு. பிராங்கன்ஸ்டைன் பூதத்தின் தட்டை உச்சி உள்ளே விழுந்து, காற்றுப் போன பந்து மாதிரி ஆகிவிட்டது.

அடுத்தது, இடுக்குகளை அடைக்கும் பாலியூரிதேன் நுரை. நல்லவேளை, ஏற்கெனவே கிழிந்திருந்த ஓர் ஓநாய் மனிதனிடம் சோதித்தேன். நுரை சூடாகி, ஊதி, ஒரு கன்னம் பல்வலிக்காரன் கன்னம்போல் வீங்கியது. இனி அதை வெளியே எடுக்கவும் வழியில்லை.

கடைசியில் கைகொடுத்தது பாலியஸ்டர் பஞ்சு. தெர்மாக்கோல் தலையைச் சுற்றிப் பஞ்சு, அதன்மேல் பருத்தித் துணி உறை. பிறகு முகமூடியை மாட்டி, உச்சி, புருவம், மூக்கு, கன்னம் என்ற வரிசையில் துண்டு துண்டாகத் திணிக்க வேண்டும். கன்னத்தில் தொடங்கினால் மூக்கு கோணுகிறது. ஏன் என்று கேட்காதீர்கள். மடிப்பு விழுந்த இடத்தில் ஹேர் டிரையரின் இளஞ்சூட்டைத் தள்ளிப் பிடித்தால் லேட்டெக்ஸ் இளகிக் கொடுக்கும். ஒரு முகத்துக்கு ஒரு மாலை போனது. முடித்து நிமிர்ந்து பார்த்தால், கண் துளை வழியே வெள்ளைப் பஞ்சு தெரிகிறது, எல்லாருக்கும் கண்புரை! மறுபடி கழற்றி, கண்ணுக்குப் பின்னால் கறுப்புத் துணி வைத்தேன்.

1954-இல் வந்த 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' படத்தின் நீர்வாழ் பூதமான செவுள் மனிதனுடைய பக்கச் செவுள் மடல்கள் தொங்காமலிருக்கச் செம்புக் கம்பி கொடுத்திருந்தேன். செம்பு பட்டால் ரப்பர் சீக்கிரம் கெடும் என்று தெரிந்ததும் பிடுங்கிவிட்டு, பாலிஎத்திலீன் நுரைத் துண்டுகளை முட்டுக் கொடுத்தேன்.

வெளிச்சம்தான் பெரிய தகராறு. லேட்டெக்ஸுக்கு வெயில், சூடு, ஓசோன் எதுவும் ஆகாது. வெடித்து உதிரும், இல்லாவிட்டால் பிசுபிசுக்கும். எளிதில் கெடும் பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வெளிச்ச அளவு சுமார் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). நான் முதலில் தேர்ந்தெடுத்த ஜன்னலோரத்தில் 400-க்கு மேல் காட்டியது. சரி என்று எதிர்ச்சுவருக்கு மாறினேன். பழைய படங்களில் வருவதுபோல் கீழிருந்து எல்இடி போட்டுப் பார்த்தேன். பயமாக இருந்தது, ஆனால் பதினோரு பேரும் ஒரே ஆள்போல் தெரிந்தார்கள். பக்கவாட்டில், சற்று மேலிருந்து விழும் ஒளியில்தான் தழும்பும் சுருக்கமும் எழுந்து வந்தன.

வரிசை, படம் வந்த ஆண்டுப்படி. 1925-இல் 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பெரா' படத்துக்காக நடிகர் லான் சேனி தனக்குத்தானே ஒப்பனை போட்டுக்கொண்ட ஆப்பெரா பூதம் முதலில். 1931-இன் டிராகுலா முகமூடியாகப் பார்த்தால் பாவம்தான். அதில் நடித்த பெலா லுகோசி பார்வையாலேயே மிரட்டியவர், ரப்பரில் வார்த்தால் கடுகடுப்பான ஒரு மனிதர் மட்டுமே மிஞ்சுகிறார். அவருக்குப் பக்கத்தில், அதே ஆண்டில் ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் கையால் உருவான பிராங்கன்ஸ்டைன் பூதம். பிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவர் பெயர், பூதத்துக்குப் பெயர் இல்லை என்று அட்டையில் எழுதினேன். செவுள் மனிதனை வடிவமைத்த மிலிசென்ட் பாட்ரிக்கின் பெயர் படத்தில் வராமல் போனதைப் பற்றி ஆறு வரி எழுதி, யாரும் நின்று படிக்காததால் இரண்டாகக் குறைத்தேன்.

திறந்த அன்று காலையே ஒரு தவறு பிடிபட்டது. எல்லா முகத்தையும் என் கண்மட்டத்தில் வைத்திருந்தேன். குழந்தைகளுக்குத் தெரிந்ததெல்லாம் மூக்குத் துவாரமும் கழுத்தின் அடிப்பக்கமும்தான். மூன்றை அவசரமாக இறக்கினேன். இறக்கியதும் கைகள் நீண்டன. விரலின் எண்ணெய்ப் பசை லேட்டெக்ஸுக்கு எதிரி, விரட்டவும் மனமில்லை. அப்புறம்தான் அந்தக் கன்னம் வீங்கிய ஓநாய் நினைவுக்கு வந்தது. வாசலருகே மேசையில் வைத்து 'தொடலாம்' என்று எழுதி ஒட்டினேன். அதிகக் கூட்டம் அதற்குத்தான். மாலைக்குள் மூக்கின் வண்ணம் தேய்ந்து வெள்ளை ரப்பர் தெரிந்தது.