வால்பாறைச் சாலையில் வழிவிடுதல்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர்தான். ஆனால் ஆழியாறு அணையைத் தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளால், அந்தத் தொலைவைக் கடக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகிவிடுகிறது. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைக் குறிக்கும் பலகை உண்டு. அந்த எண்களை எவ்வளவு விரைவில் கடந்தோம் என்பதைச் சாதனைபோலச் சொல்லிக்கொள்பவர்களை நானறிவேன். எங்கள் வாடகைக் காரை ஓட்டிய பெரியவருக்கு அந்த அவசரம் துளியும் இல்லை. ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறோம் என்று கேட்டதற்கு, "இந்த ரோட்டுல நாம மட்டுமா போறோம், தம்பி?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கான பதில் அடுத்தடுத்த வளைவுகளில் கிடைத்துக்கொண்டே வந்தது. குறுகலான மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. பாரத்துடன் ஏறும் வண்டி ஏற்றத்தில் ஒருமுறை நின்றுவிட்டால் மீண்டும் நகர்த்துவது எவ்வளவு சிரமம் என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு முன்னால் சென்ற அரசுப் பேருந்து, வளைவில் திரும்புவதற்குச் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டது. மேலிருந்து வந்த லாரி வளைவுக்கு வெகு முன்பே ஒதுங்கி நின்றிருந்தது. பேருந்து ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை மட்டும் சற்று உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மெதுவாகப் போவது மட்டுமே பண்பாகிவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பின்னால் வேலைக்குச் செல்பவர்களும் மருத்துவமனைக்குச் செல்பவர்களும் காத்திருக்க, நடுச்சாலையில் ஊர்ந்துகொண்டு பள்ளத்தாக்கை ரசிப்பது வேகமாகப் போவதைப் போலவே தன்னலம்தான். எங்கள் ஓட்டுநர் பக்கவாட்டுக் கண்ணாடியை அடிக்கடி பார்த்து, பின்னால் வண்டி சேர்ந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி, அதைப் போகவிட்ட பிறகே நகர்ந்தார்.

ஒன்பதாம் வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனைக்கு அருகில், சாலையோரத் தடுப்புச் சுவரின்மேல் வரையாடுகள் நின்றிருந்தன. நமது மாநில விலங்கான அவற்றை இவ்வளவு அருகில் பார்க்கக் கிடைப்பது அரிது. அதனாலேயே சிலர் கைபேசியை நீட்டிக்கொண்டு சுவர்வரை சென்றுவிடுகிறார்கள். ஒரு குடும்பம் பிஸ்கட்டை நீட்டியது. அன்பினால்தான் செய்கிறார்கள் என்றாலும், உணவுக்காகச் சாலைக்கு வரப் பழகிய விலங்கு ஒருநாள் சக்கரத்தில்தான் அடிபடும்.

வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளுக்காகச் சாலையே பணிந்துபோகிறது என்று சொல்லத் தோன்றியது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இக்குரங்குகள் தரையில் இறங்காமல் கடப்பதற்காக, மரத்துக்கு மரம் பாலங்கள் கட்டப்பட்டுள்ளன. ஆயினும் கூட்டமாக அவை சாலைக்கு வந்துவிடுவதுண்டு. அப்போது வண்டிகளின் வேகத்தைக் குறைக்கச் சொல்வதற்கென்றே காவலர்கள் நிற்கிறார்கள். நாங்கள் போனபோது, வயிற்றைப் பற்றிய குட்டியுடன் ஒரு தாய்க்குரங்கு நிதானமாகக் கடந்தது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

தேயிலைத் தோட்டங்களுக்கிடையே யானைகள் நடமாடும் செய்தி குறுஞ்செய்தியாகவும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் வரியாகவும் மக்களுக்குச் சொல்லப்படுகிறது. சில இடங்களில் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகள் உண்டு; அருகில் யானை இருக்கும்போது, ஊர்மக்களே கைபேசி மூலம் அவற்றை எரியவிடுகிறார்கள். வனத்துறையோடு இணைந்து இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை உருவாக்கிய இந்த ஏற்பாடு, இருட்டில் பேருந்தைவிட்டு இறங்கித் தோட்டக் குடியிருப்புக்கு நடக்கும் தொழிலாளர்களுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது.

திரும்பும்போது நின்று வழிவிட வேண்டியவர்கள் நாங்களானோம். இரண்டாம் கியரிலேயே இறங்கி, மேலேறி வரும் பேருந்துகளுக்காக வளைவுக்கு வளைவு காத்திருந்ததில், ஏறியதைவிட இறங்குவதற்கே அதிக நேரம் பிடித்தது. பொள்ளாச்சியில் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் இதையும் கணக்கில் கொண்டு, மதிய உணவு முடிந்ததும் வால்பாறையிலிருந்து கிளம்பிவிடுவது நல்லது.