46 வயதில் பெற்றோர் கையெழுத்து

சட்டக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் ஆபீஸில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ராகிங் செய்ய மாட்டேன், ஒழுங்காக வகுப்புக்கு வருவேன் என்று நான் எழுதித் தர வேண்டும். அதற்குக் கீழே பெற்றோர் கையெழுத்து. எனக்கு 46 வயது. "சார், நானே ரெண்டு பிள்ளைக்குப் பெற்றோர்தான்" என்றேன். கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கட்டம் காலியா இருந்தா திரும்பி வந்துடும்மா. அப்பா இல்லேன்னா அம்மாகிட்ட வாங்கிட்டு வாங்க."

சரி என்று அம்மாவிடம் போனேன். அம்மாவுக்கு 71. ஐந்தாவதோடு நின்றவர். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னடி தப்புப் பண்ணினே, காலேஜ்ல கூப்பிடுறாங்களா?" என்றார். அப்புறம் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ரேஷன் கார்டை அடியில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பெயரை எழுதினார். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்துவிட்டார். அதை நான் வைத்தேன். சட்டம் படிக்கும் முன்பே ஃபோர்ஜரி.

கோர்ட்டுக்கு எதிரே 19 வருஷமாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வக்காலத்து, அஃபிடவிட், ஜாமீன் மனு என்று அடிக்காத காகிதம் இல்லை. பிளஸ் டூ முடித்து, தபால் வழியில் பி.ஏ. வாங்கியிருந்ததால் மூன்று வருஷ எல்.எல்.பி.யில் இடம் கிடைத்தது. பக்கத்துக் கடை அக்காவுக்கு அந்த யோகம் இல்லை. பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியவர் அவர். வக்கீல்களுக்கும் சட்டப் படிப்புக்கும் விதி போடும் பார் கவுன்சிலின் 2008 விதிகளில் அந்தப் பட்டத்தை வைத்துச் சட்டம் படிக்க முடியாது. என்னைவிடக் கெட்டிக்காரர்.

அதே விதிகளில் வயது வரம்பும் இருந்தது: மூன்று வருஷப் படிப்புக்கு 30. நடுவில் எடுத்துவிட்டார்கள், 2016இல் மறுபடி கொண்டுவந்தார்கள், 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்புக்குத் தடை போட்டது. அந்தத் தடை இல்லையென்றால் நான் இன்னும் அடுத்தவர் மனுவுக்குக் கமா போட்டுக்கொண்டுதான் இருப்பேன். ஆக, கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே இருப்பதெல்லாம் 22 வயதுக்கு அளவெடுத்துத் தைத்தது.

70 சதவீத வருகைப் பதிவு வேண்டும் என்பதில் எனக்குப் புகார் இல்லை. வக்கீலாகப் போகிறவர் வகுப்பில் உட்காரத்தான் வேண்டும். ஆனால் நாளைக்கு எந்த வகுப்பு என்பது இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது. ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டுப் போனால், "சார் லீவு" என்றார்கள். ஒரு போனஃபைட் சான்றிதழுக்காக மூன்று தடவை ஷட்டரை இறக்கினேன். ஆபீஸ் கவுன்ட்டர் திறந்திருக்கும் நேரமும் கோர்ட் நேரமும் ஒன்றே. என் பிழைப்பும் அதே நேரத்தில்தான். போக வர டவுன் பஸ் மட்டும் ஓசி. அதில் எந்தப் பெண்ணிடமும் வயது கேட்பதில்லை.

பசங்களைக் குறை சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்கு நான் அக்கா, மீதிப் பேருக்கு ஆன்ட்டி. தீர்ப்புகளை எப்படித் தேடுவது, எப்படி மேற்கோள் காட்டுவது என்று முன்பெஞ்சுப் பையன் சொல்லிக் கொடுத்தான். ஒப்பந்தச் சட்டத்தில் 'கன்சிடரேஷன்', அதாவது கொடுக்கும் வாக்குக்குப் பதிலாகக் கிடைப்பது, அவனுக்குப் பிடிபடவில்லை. கடையிலிருந்து ஒரு வெற்றுப் புரோநோட்டைக் கொண்டுபோய், "ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்னு இங்கே ஏன் எழுதுறோம், சொல்லு பார்ப்போம்" என்றேன். அரைமணி நேரத்தில் எங்கள் பெஞ்சைச் சுற்றி ஏழெட்டுப் பேர். வகுப்பில் என்னைப் போல வயதானவர்கள் இன்னும் இரண்டு பேர் உண்டு: ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர், வங்கியிலிருந்து விருப்ப ஓய்வில் வந்தவர் ஒருவர். குற்றவியல் வகுப்பில் போலீஸ்காரர் வாயைத் திறந்தால் பேராசிரியரே உட்கார்ந்து கேட்கிறார்.

மூன்று பேரும் சேர்ந்து கல்லூரி முதல்வருக்கு ஒரு மனு அடித்தோம். அடித்தது நான், காசு வாங்கவில்லை. வாரம் ஒருநாள் ஆபீஸ் கவுன்ட்டர் மாலை ஆறரை வரை இருக்கட்டும். வகுப்பு அட்டவணையை ஒரு வாரம் முன்னால் ஒட்டுங்கள். பெற்றோர் கையெழுத்துக் கட்டத்திலிருந்து எங்களுக்கு விலக்குக் கொடுங்கள். "பார்க்கலாம்மா" என்றார். அட்டவணை மட்டும் இப்போது திங்கள்தோறும் போர்டில் ஏறுகிறது.

இரண்டாம் வருஷத்துக்கும் அதே படிவம் வந்தது. அம்மா இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியை எடுத்துக்கொண்டே, "எங்கேடி புள்ளி வைக்கணும், காட்டு" என்றார்.