ராத்திரி ரெண்டு மணி மாவு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

அலாரம் அடிப்பதற்கு ரெண்டு நிமிஷம் முன்பே முழிப்பு வந்துவிட்டது. இப்போதெல்லாம் அப்படித்தான். எழுந்து அடுப்படி விளக்கைப் போட்டேன். தராசில் முதலில் பத்து ரூபாய் நாணயம் ரெண்டை வைத்துப் பார்ப்பேன். 15 காட்டினால் தராசு சரி. அப்புறம் டம்ளர், அதைப் பூஜ்யம் ஆக்கி, 20 கிராம் கார்ன் ஃப்ளார். கொஞ்சம் பச்சைத் தண்ணீர். சூடு பண்ணக் கூடாது, வெந்நீரும் கூடாது.

இந்த மாவு கோலமாவு மாதிரி இல்லை. விரலில் நசுக்கினால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். கலக்கி ஒரு நிமிஷம் விட்டால் அடியில் சுண்ணாம்பாக இறுகிவிடும். அதனால் கலக்கிக்கொண்டே போய்ப் பாப்பாவின் வாயில் ஸ்ட்ராவை வைக்க வேண்டும். தூக்கத்திலேயே உறிஞ்சுவாள். குடித்து முடித்ததும் டம்ளரின் அடியில் ஒரு வெள்ளைப் படிவு நிற்கும். அதைக் கழுவிவிட்டால் மூன்று கிராம் போச்சு. இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசி, அதையும் கொடுத்தால்தான் கணக்கு தீரும்.

2, 6, 10. மறுபடியும் 2, 6, 10. ஒரு நாளைக்கு ஆறு தடவை. வீட்டில் மயிலு என்று கூப்பிடும் எங்கள் பெண்ணுக்கு மூன்றரை வயது. சாப்பிடாத நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும் வியாதி அவளுக்கு. அது இறங்காமல் பிடித்துவைக்கத்தான் இந்த மாவு. இது ரெண்டே முக்கால் வருஷமாக நடக்கிறது. தினமும் இல்லாவிட்டாலும் அவ்வப்போது எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எப்படியும் ரெண்டு மணிக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஜனவரி 8, புதன்

மாவு தீர்ந்துவிட்டது. தெருமுனைக் கடையில் வழக்கமான பாக்கெட் இல்லை. புதுப் பையன் மஞ்சளாக ஒன்றை எடுத்து நீட்டினான். அது மக்காச்சோள மாவு, ரொட்டி சுடுவது. எனக்கு வேண்டியது அதிலிருந்து ஸ்டார்ச்சை மட்டும் பிரித்தெடுத்த வெள்ளை மாவு. "ரெண்டும் சோளம்தானேண்ணா" என்றான். கஸ்டர்ட் பவுடரையும் காட்டினான், அதுவும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். கடைசியில் வண்ணாரப்பேட்டை போய் ஆறு பாக்கெட் வாங்கி வந்தேன்.

கடைக்கார அண்ணன் ஒரு நாள், "பாப்பாவுக்கு வியாதி பேரு இன்னா?" என்று கேட்டார். கிளைகோஜன் ஸ்டோரேஜ் டிசீஸ், சுருக்கமாக ஜி.எஸ்.டி. என்றேன். "அட, எங்களுக்கும் அதான்பா வியாதி, மாசா மாசம் கட்டுறோம்" என்றார். டாக்டர் சீட்டைப் பார்த்து நான் சிரித்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

எங்களுடையது வகை 1ஏ. சாப்பிடுகிற சோற்றில் மிச்சமாகும் சர்க்கரையைக் கல்லீரல் கிளைகோஜனாகச் சேர்த்துவைக்கும். சாப்பிடாத நேரத்தில் அதைப் பிரித்து ரத்தத்தில் விடும். மயிலின் கல்லீரல் சேர்த்துவைக்கும், வெளியே விடாது. கடைசிப் பூட்டைத் திறக்கும் என்சைம் அவளுக்கு இல்லை. சேர்த்துச் சேர்த்துக் கல்லீரல் வீங்கும், வயிறு முன்னால் தள்ளும், கன்னம் பொம்மை மாதிரி உப்பும். தெருவில் எல்லாரும் "கொழுகொழுன்னு இருக்காளே, கண்ணு படப்போவுது" என்பார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். அந்தக் கன்னம்தான் வியாதி என்று யாரிடம் போய்ச் சொல்வது.

பிறந்து எட்டாவது மாசம் ஒரு விடியற்காலையில் வெட்டு, அதாவது வலிப்பு, வந்தது. அதற்கு முன்பே வயிறு பெரிதாக இருந்தது. மாந்தம் என்று வசம்பு சுட்டுப் போட்டோம். ஆஸ்பத்திரியில் சுகர் 28. ஜீன் பரிசோதனை முடிவு வந்தபோது, எனக்கும் என் மனைவிக்கும் ஆளுக்கு ஒரு பழுதான பிரதி இருப்பதாகச் சொன்னார்கள். ரெண்டும் ஒரு குழந்தைக்கு வந்து சேர நாலில் ஒரு வாய்ப்பு. அவள் என் சொந்த அத்தை மகள். டாக்டரம்மா பேனாவால் குடும்ப வரைபடம் போட்டபோது எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் ரெட்டைக் கோடு இழுத்தார். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு அப்படித்தான் போடுவார்களாம். அந்தத் தாளை அத்தையிடம் இன்னும் காட்டவில்லை.

ஜனவரி 13, திங்கள்

போகி. விடியற்காலையிலிருந்து தெருவெல்லாம் புகை. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி வைத்தோம். மயிலுக்கு லேசாக இருமல். சளி என்றால் மற்ற வீட்டில் கஷாயம் வைப்பார்கள். எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். சாப்பிட மாட்டேன் என்பாள், வாந்தி எடுப்பாள், வாந்தி என்றால் மாவு நிற்காது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வெண்பொங்கல் அவள் தாராளமாகச் சாப்பிடலாம். சர்க்கரைப் பொங்கலும் கரும்பும் ஆகாது. சுகர் குறைகிற குழந்தைக்குச் சர்க்கரை ஏன் கூடாது என்று கேட்காத ஆள் இல்லை. வெல்லம், சீனி, கரும்பு எல்லாவற்றிலும் பாதி ஃப்ரக்டோஸ். அவள் உடம்பில் அது குளுக்கோஸாக வெளியே வர வழி இல்லாமல் லாக்டிக் அமிலமாகப் போய்ச் சேரும். பழத்துக்குக் கட்டுப்பாடு இதனால்தான். பாலில் இருக்கும் கேலக்டோஸ் என்ற சர்க்கரைக்கும் இதே கதிதான், அதனால் பாலுக்கும் கட்டுப்பாடு. இதைப் பண்டிகை நாளில் வாசல்படியில் நின்று, கையில் கிண்ணம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு விளக்க முடியாது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

சாயந்திரம் கட்டிலுக்கு அடியில் ஒரு துண்டுக் கரும்பு கிடைத்தது. பல் பதிந்திருந்தது. மயிலைக் கேட்டேன். "எலி" என்றாள்.

ஜனவரி 18, சனி

இதை எழுதத்தான் வேண்டும்.

நேற்று எனக்கு யார்டில் நைட் ஷிஃப்ட். மனைவிக்குக் காய்ச்சல், மாத்திரை போட்டுப் படுத்துவிட்டாள். 10 மணி மாவை அத்தை கொடுத்தார். பனி நேரம், பிள்ளைக்கு இருமல், பச்சை மாவைக் கரைத்துக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அடுப்பில் வைத்து, உப்பு ஒரு கல் போட்டு, கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். மயிலு ஆசையாகக் குடித்திருக்கிறாள்.

ஒன்றேகால் மணிக்கு மனைவியின் கை பட்டபோது பிள்ளையின் கழுத்தெல்லாம் குளிர்ந்த வேர்வை. மீட்டரில் 48. குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, கால் மணி கழித்துப் பார்த்து, மாவு கொடுத்து, ஏறும்வரை உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஃபோன் பண்ணவில்லை.

காலையில் வந்து கேட்டதும் கத்திவிட்டேன். வாய்க்கு வந்ததையெல்லாம். "முப்பது வருஷம் புள்ளைங்கள வளர்த்தவ நானு" என்றார் அத்தை. "அந்தப் புள்ளைங்க வேற, இது வேற" என்று சொன்னேன், அதையும் கொஞ்சம் கேவலமாகவே. அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இந்த வியாதியில் இதுதான் சிக்கல். மருந்து சமையலறைச் சாமானாக இருக்கிறது. நீலமாகவோ கசப்பாகவோ ஒரு சிரப், மேலே எச்சரிக்கை அச்சடித்த பாட்டில் என்றால் அத்தை தொடவே பயப்படுவார். மாவுதானே. மாவை எப்படிக் கொடுப்பது என்று அவருக்கு நாங்களா சொல்லித்தருவது?

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தை காசிமேட்டில் இருபது வருஷம் மீன் கூடை தூக்கியவர். மாவைக் காய்ச்சினால் மணிகள் வெடித்துவிடும், குடல் அதை ஒரேயடியாகச் சர்க்கரை ஆக்கிவிடும், சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும், பச்சையாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பார் ஐஸ் மாதிரியா?" என்றார்.

"என்னது?"

"ஐஸ உடைச்சிப் போட்டா மீனு ஒடனே ஜில்லுனு ஆவும், ஒரு மணி நேரத்துல தண்ணி. பாரா வெச்சா சாயந்திரம் வரைக்கும் நிக்கும். நா காய்ச்சினது உடைச்ச ஐஸு."

இந்த ரெண்டே முக்கால் வருஷத்தில் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். இந்த அளவுக்கு எனக்கே புரிந்ததில்லை.

அப்புறம் அவராகவே, "நாமதான் சொந்தம் விட்டுப்போகக் கூடாதுன்னு கட்டி வெச்சோம், அதாலதான் இதுன்னு நர்ஸு சொன்னா" என்றார். ஆக, தெரிந்திருக்கிறது. தாள் காட்டாததில் ஒரு பிரயோஜனமும் இல்லை. சொந்தம் இல்லாதவர்களுக்கும் வரும் அத்தை என்றேன். அது உண்மைதான். சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு அதிகம் என்பதும் உண்மை. அதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஜனவரி 27, திங்கள்

நேற்று ராத்திரி வாந்தி. மாவு ரெண்டு தடவையும் நிற்கவில்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ட்ரெய்லர் லாரிகள் வரிசையாக நிற்க, ஆட்டோ ஊர்ந்து ஊர்ந்து போனது. பக்கத்தில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் இறங்கினோம், பெயர் வேண்டாம். எங்கள் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கடிதத்தை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேன். வாந்தி நிற்காவிட்டால் காத்திருக்க வேண்டாம், உடனே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் டிரிப்ஸ், ஏற்றவும் என்று தெளிவாக இருக்கும். டூட்டியில் இருந்த தம்பி அதைப் படிக்காமல் மீட்டரைப் பார்த்தார். 44. மயிலு அவருடைய ஸ்டெதஸ்கோப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "44 இருந்தா குழந்தை இப்படிப் பேசாது சார், மீட்டர் தப்பு" என்றார்.

பேசும். சுகர் இறங்கும்போது இவள் மூளை லாக்டேட்டை, அதாவது ரத்தத்தில் சேர்ந்திருக்கும் அந்த லாக்டிக் அமிலத்தை, எரித்துச் சமாளிக்கும். அதனால் கடைசிவரைக்கும் சிரித்துக்கொண்டிருப்பாள், திடீரென்று விழுவாள். நான் கையைக் கூப்பிக் கேட்டேன், அப்புறம் கூப்பாமலும் கேட்டேன். 20 நிமிஷம் கழித்துப் பெரிய டாக்டர் வந்து கடிதத்தைப் படித்தார், டிரிப்ஸ் ஏறியது. காலையில் 96.

அந்தத் தம்பியைத் திட்டி என்ன ஆகப்போகிறது. லட்சத்தில் ஒருவருக்கு வருவது என்கிறார்கள். அவர் படித்த புத்தகத்தில் இது ஒரு பத்தியாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ராத்திரி சும்மா ஃபோனில் தேடிக்கொண்டிருந்தேன். வான் கியர்க்கே என்ற ஜெர்மன் டாக்டர் 1929-இல் இந்த வியாதியை விவரித்தார். எந்த என்சைம் இல்லை என்பதை 1952-இல் கோரி என்ற விஞ்ஞானித் தம்பதி கண்டுபிடித்தார்கள். பச்சை மாவு கொடுத்தால் சுகர் இறங்காமல் நிற்கும் என்று எழுதியது 1984-இல். அதற்கு முன்னால் ராத்திரி முழுக்க மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியிருந்தது. நான் பிறந்தது 1988. நாலு வருஷம்தான் வித்தியாசம்.

பிப்ரவரி 28, வெள்ளி

இன்றைக்கு அரிய நோய்கள் தினம். பலூன் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. மத்திய அரசின் 2021 கொள்கையில் எங்கள் வியாதி, கல்லீரல் மாற்று தேவைப்படும் நிலைக்குப் போனவர்கள் வரிசையில் இருக்கிறது. அந்த நிலைக்குப் போகாமல் இருக்கத்தான் இத்தனை மாவும் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்பும். ஸ்ட்ரிப்தான் செலவு, மாவு இல்லை.

மார்ச் 3, திங்கள்

செக்கப் போய் வந்தோம். எடை 13.6 கிலோ. லாக்டேட், யூரிக் அமிலம் ரெண்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எடை ஏறியதால் மாவு இனி 22 கிராம். மனைவி சுவரில் ஒட்டியிருந்த 20-ஐ அடித்து 22 என்று எழுதினாள். அத்தைக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். "ரெண்டு ஏத்திட்டாங்களா" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

2 மணிக்கு நாணயம் ரெண்டும் வைத்தேன். 11 காட்டியது. எடுத்து வைத்தால் 13. பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. வீட்டில் வேறு இல்லை. ரிமோட்டில் இருப்பது சின்னது, பொருந்தவில்லை. கடைசியில் ஹால் கடிகாரத்தைக் கழற்றி அதிலிருந்ததைப் போட்டேன், 15 வந்தது. 22 கிராம் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

ஆறு மணிக்கு அத்தை என் காலைப் பிடித்து உலுக்கினார். "மணி ரெண்டு பத்துலயே நிக்குது. மாவு குடுத்தியா இல்லியாடா?"